விளக்கடியில் விழும் விட்டில்: பெயரை அறிந்த பின்னரே மருந்து

காலபோக மழை பிடித்துச் சில நாட்கள் சென்றதும், மாலைப் பொழுதில் வீட்டு விளக்கைச் சுற்றி மண்ணிற விட்டில்கள் பறப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சுவரில் மோதும், சோற்றுக் கோப்பையில் விழும், பிள்ளைகளின் கொப்பியில் சாம்பல் போன்ற தூளைக் கொட்டிவிட்டுப் போகும். இவற்றை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இவற்றுள் ஒன்றிரண்டு இனங்கள் அடுத்த இரண்டு வாரங்களில் எமது பயிரின் கதியையே மாற்றக்கூடியவை. ஏனையவை எமக்கு எந்தத் தீங்கும் செய்யாதவை. எது எதுவெனப் பிரித்தறிவது எப்படி, அதனைத் தெளிவாகப் படம் பிடித்து அறிந்தவர்களிடம் காட்டுவது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இதனை எழுத எம்மைத் தூண்டியது எமது தவறு ஒன்றாகும். 2018ஆம் ஆண்டின் இறுதியில், கிழக்கில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் சில குடும்பங்கள் சோளன் பயிரிட்டிருந்தன. பல வருடங்கள் நலன்புரி நிலையத்திலும் பிறர் காணியிலும் காலம் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள். விதைக்கும் கடன், உரத்துக்கும் கடன். இலைகளில் ஓட்டைகளைக் கண்ட தாய் ஒருவர், "சுவாமி, இது பழைய வெட்டுப்புழுதானே?" என்று எம்மிடம் கேட்டார். நாமும் இலையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "அதுதான்" என்று சொல்லிவிட்டோம். பழைய புழுவுக்குக் கடையில் கொடுக்கும் மருந்தை இருமுறை அடித்தார்கள். மருந்து இலையில் காய்ந்தது. புழுவோ குருத்துக்குள் இறங்கி இருந்து தின்றது. அது பழைய வெட்டுப்புழு அன்று. அந்த வருடமே இந்நாட்டுக்குள் வந்த சேனா படைப்புழு. எமது அவசரப் பதிலுக்கு அக்குடும்பங்கள் கொடுத்த விலையை நாம் மறக்கவில்லை.

முன்னர் பாட்டனும் பாட்டியும் தோட்டத்தில் நடந்தபடியே பூச்சி புழுக்களின் குணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இடம்பெயர்ந்த வாழ்வில் அந்த வகுப்பு நின்றுபோயிற்று. அதற்கும் மேலாக, இப்போது வந்துள்ள சில பூச்சிகள் மூத்தவர்களும் கண்டிராதவை. ஆகவே நாம் எல்லோரும் மீண்டும் ஒருமுறை பார்க்கப் பழகவேண்டியுள்ளது.

இவை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை?

விளக்குக்கு வரும் இந்த மண்ணிற விட்டில்களிற் பெரும்பாலானவை நொக்டுவிடே என்னும் குடும்பத்தையும் அதன் உறவுக் குடும்பங்களையும் சேர்ந்தவை. இலத்தீன் மொழியில் நொக்டுவா என்றால் சிறு ஆந்தை. இரவில் நடமாடுவதாலும் மங்கிய நிறத்தாலும் இப்பெயர் இவற்றுக்குப் பொருந்தும். உலகில் இக்குடும்பத்தில் மாத்திரம் 11,000க்கும் மேற்பட்ட இனங்கள் விபரிக்கப்பட்டுள்ளன. எமது பயிர்களைத் தாக்குபவை இவற்றுள் மிகச் சொற்பமே. ஏனையவை களைகளிலும் காட்டுச் செடிகளிலும் வாழ்பவை. பல இனங்கள் இரவில் பூக்களுக்குச் சென்று மகரந்தம் காவுகின்றன. வெளவாலுக்கும் பல்லிக்கும் இவையே உணவு. உறவுக் குடும்பம் ஒன்றிலுள்ள சில சிறு விட்டில்களின் புழுக்கள், பயிர்ச்சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகளையே தின்று எமக்கு நன்மை செய்கின்றன. ஆகவே விளக்கடியில் விட்டில் கூட்டத்தைக் கண்டவுடன் மருந்துப் போத்தலைத் தேடுவது அறிவுடைமையாகாது.

இவ்விட்டில் கடிக்காது, கொட்டாது. அச்சமின்றிக் கிட்டச் சென்று பார்க்கலாம். உடல் தடித்தது. நெஞ்சுப் பகுதியில் மயிர் அடர்ந்திருக்கும். உணர்கொம்புகள் பெரும்பாலும் நூல் போன்றவை. ஓய்ந்திருக்கும்போது செட்டைகளை முதுகின் மேல் ஓட்டுக்கூரை போலச் சரித்து மூடிக்கொள்ளும். வண்ணத்துப்பூச்சி போல மேலே கூப்பி நிற்பதில்லை.

பார்க்கவேண்டிய அடையாளங்கள்

முதலில் முன்செட்டையைப் பாருங்கள். அதன் நடுப்பகுதியில் இரண்டு புள்ளிகள் இருக்கும். உடலுக்குக் கிட்டவுள்ளது வட்டமானது. அதற்கு அப்பாலுள்ளது அவரை விதை போல வளைந்தது. எல்லா இனங்களிலும் இவை தெளிவாக இரா. ஆயினும் இவற்றின் வடிவமும் நிறமும் இனத்தை அறிய உதவுகின்றன.

அடுத்துப் பின்செட்டை. முன்செட்டை மூடியிருக்கும்போது இது தெரியாது. ஆனால் பல வேளைகளில் தீர்ப்புச் சொல்வது இதுவே. பின்செட்டை வெண்மையாகவும் ஓரத்தில் மெல்லிய கருங்கோடு மட்டும் உள்ளதாகவும் இருந்தால் அது படைப்புழுக்களின் சாதியாகிய ஸ்பொடொப்டெராவாக இருக்கலாம். வெளியோரத்தில் அகன்ற கரும்பட்டி இருந்தால் காய் துளைக்கும் ஹெலிகோவெர்பாவாக இருக்கலாம். ஸ்பொடொப்டெரா என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சாம்பல் நிறச் செட்டை என்பது பொருள்.

மூன்றாவது அளவு. செட்டையை விரித்து ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அளப்பது வழக்கம். கண்மதிப்பில் சொல்லாமல் அடிமட்டத்தால் அளக்கவேண்டும்.

எமது தோட்டங்களுக்கு வேண்டிய ஐந்து

1. சேனா படைப்புழு. விஞ்ஞானப் பெயர் ஸ்பொடொப்டெரா ஃபுருஜிபெர்டா. 1797இல் இப்பெயர் சூட்டப்பட்டது. விளைச்சலை நாசமாக்குவது என்பது இலத்தீன் பொருள். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்பூச்சி 2016இல் மேற்கு ஆபிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் இந்தியாவின் கர்நாடகத்திலும், அதே ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையிலும் கண்டறியப்பட்டது. செட்டை விரிந்த அகலம் 32 முதல் 40 மில்லிமீற்றர். ஆண் விட்டிலின் முன்செட்டை நுனியில் முக்கோணமான வெண்திட்டு ஒன்றும், நடுவில் சரிந்த வெளிர் திட்டு ஒன்றும் உண்டு. பெண்ணில் இவை தெளிவில்லை. வெறும் சாம்பல் கலந்த மண்ணிறமாக இருக்கும். இரண்டிலும் பின்செட்டை வெள்ளி போன்ற வெண்மை. சோளனே இதற்கு மிகவும் விருப்பமான உணவு.

2. பழைய வெட்டுப்புழு. ஸ்பொடொப்டெரா லிட்டுரா. புகையிலை, கச்சான், மிளகாய், கோவா முதலிய பல பயிர்களைத் தின்னும். அளவில் முன்னையதை ஒத்தது. முன்செட்டையில் வெளிர் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னியது போல ஓடும். இந்த வலைக்கோடுகளே இதன் முக்கிய அடையாளம்.

3. வெண்காயப் புழு. ஸ்பொடொப்டெரா எக்ஸிகுவா. இவற்றுள் சிறியது. அகலம் 25 முதல் 30 மில்லிமீற்றர். முன்செட்டையிலுள்ள வட்டப் புள்ளி செம்மஞ்சள் சாயலாக இருக்கும். பின்செட்டை வெண்மையாய் ஒளி ஊடுருவுவது போலிருக்கும். இதன் புழு வெண்காயத் தாளின் குழலுக்குள் புகுந்து உள்ளிருந்து சுரண்டும்.

4. நெல் நாற்றைத் தின்னும் படைப்புழு. ஸ்பொடொப்டெரா மொரீஷியா. ஆண் விட்டிலின் முன்னங்கால்களில் அடர்ந்த மயிர்க் குஞ்சம் உண்டு. புழுக்கள் நாற்றுமேடையைத் தின்று முடித்து அடுத்த வயலுக்குக் கூட்டமாக நகரும்.

5. காய் துளைப்பான். ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. அகலம் 35 முதல் 40 மில்லிமீற்றர். முன்செட்டை வைக்கோல் நிறத்திலிருந்து செம்மண் நிறம்வரை வேறுபடும். பின்செட்டையின் அகன்ற கரும்பட்டியே இதனைக் காட்டிக் கொடுக்கும். தக்காளி, துவரை, மிளகாய் என்பவற்றின் காயில் தலையை நுழைத்துத் தின்பது இதன் புழு.

வெண்டிக்காயைத் துளைக்கும் சிறு விட்டில் ஒன்றும் உண்டு. வெளிர் நிற முன்செட்டையின் நடுவில் பச்சைக் கீற்று நீளமாக ஓடும். பழைய நூல்களில் இதனையும் நொக்டுவிடே குடும்பத்தில் காண்பீர்கள். இன்று அது உறவுக் குடும்பம் ஒன்றில் வைக்கப்பட்டுள்ளது. நூல்களில் பெயர் மாறியிருப்பதைக் கண்டு குழம்பவேண்டாம்.

படம் பிடிக்கும் முறை

கைத்தொலைபேசி பல வீடுகளில் உள்ளது. ஆனால் எமக்குக் காட்டப்படும் படங்களிற் பல, மஞ்சள் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும் ஏதோ ஒரு புள்ளியாகவே இருக்கின்றன. அப்படத்தைக் கொண்டு எவராலும் எதனையும் சொல்ல முடியாது. பின்வரும் முறையைக் கைக்கொண்டால் விலை குறைந்த தொலைபேசியாலும் நல்ல படம் எடுக்கலாம்.

முதலாவது, விட்டிலைச் சேகரித்தல். நிலவில்லாத இரவு நல்லது. வெள்ளைத் துணி ஒன்றைக் கயிற்றில் விரித்து, அதன் முன்னே விளக்கை வையுங்கள். விட்டில்கள் துணியில் வந்து அமரும். விரலால் பிடிக்கக்கூடாது. செட்டையிலுள்ள தூள் உண்மையில் நுண்ணிய செதில்களாகும். நாம் தேடும் அடையாளங்கள் யாவும் அச்செதில்களால் ஆனவை; விரல் பட்டால் அவை அழிந்துவிடும். வாயகன்ற போத்தலால் மூடி, கீழே கடதாசியைச் செருகி எடுங்கள். ஒரு போத்தலில் ஒரு விட்டிலே இருக்கவேண்டும். இவ்விட்டில்களுக்கு நெஞ்சின் பின்புறத்தில் செவிகள் உண்டு. வெளவாலின் நுண்ணொலியைக் கேட்டுத் தப்பவே அவை அமைந்துள்ளன. திறப்புக் கோர்வையைக் குலுக்கினாலும் வெளவால் என எண்ணிச் சட்டென விழுந்து ஓடும். ஆகவே அமைதியாக வேலை செய்யுங்கள்.

இரண்டாவது, வெளிச்சம். இரவில் படம் எடுக்கவேண்டாம். மஞ்சள் விளக்கு நிறத்தை மாற்றிவிடும். தொலைபேசியின் மின்னொளி செட்டையில் பட்டுத் தெறித்து அடையாளங்களை மறைத்துவிடும். போத்தலை இரவு முழுவதும் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, விடிந்ததும் வெயில் ஏறுமுன் எடுங்கள். குளிரில் விட்டில் அசையாது. மர நிழலிலோ திண்ணையிலோ கிடைக்கும் பகல் வெளிச்சமே சிறந்தது.

மூன்றாவது, பின்புலமும் அளவும். வெள்ளைத் தாள் கூசும். சாம்பல் நிறக் காட்போட் மட்டை நல்லது. விட்டிலின் அருகே பிள்ளைகளின் அடிமட்டத்தை வைத்து, மில்லிமீற்றர் கோடுகள் படத்தில் தெரியும்படி எடுக்கவேண்டும்.

நான்காவது, கமராவைப் பிடித்தல். முதலில் வில்லையைத் தூய துணியால் துடையுங்கள். தொலைபேசியை விட்டிலுக்கு நேர் மேலே, செட்டைக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். சரிந்து எடுத்தால் ஒரு பகுதி மட்டுமே தெளிவாக விழும். மிகவும் நெருங்கினால் மங்கும். ஒரு சாண் தூரத்தில் தொடங்கி மெல்லக் கிட்டச் செல்லுங்கள். திரையில் விட்டிலின் மேல் விரலால் தொட்டால் கமரா அங்கே தெளிவைப் பிடிக்கும். பெரிதாக்கும் வசதியைப் பாவிப்பதிலும், எழுத்து வாசிக்கும் உருப்பெருக்கும் கண்ணாடியைக் கமராவின் முன் ஒட்டிப் பிடிப்பது மேலானது. கை நடுங்காதிருக்க முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, எத்தனை படங்கள்? குறைந்தது மூன்று. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்செட்டை தெரிய ஒன்று. மூன்றாவது படத்துக்கு விளக்கடியில் இறந்து கிடக்கும் விட்டிலை எடுத்து, ஈர்க்கால் முன்செட்டையை மெல்ல முன்னே தள்ளினால் போதும்.

வட்ஸ்அப் மூலம் அனுப்பும்போது படம் சுருங்கித் தெளிவை இழக்கும். அதனை ஆவணமாக இணைத்து அனுப்பினால் அவ்வாறு நேராது. படத்துடன் திகதி, கிராமம், அருகிலுள்ள பயிர், பயிரின் வயது ஆகியவற்றையும் எழுதுங்கள். இவ்விபரம் இல்லாத படம் பாதிப் படமே.

தொலைபேசி இல்லாத வீட்டார் மனம் தளரவேண்டாம். பிரெடெரிக் மூர் என்பவர் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் பற்றி எழுதிய மூன்று பெருந்தொகுதிகள் 1880 முதல் 1887 வரை வெளிவந்தன. அவற்றுக்கான மூலச் சித்திரங்களை வரைந்தவர்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய டி அல்விஸ் குடும்பத்துச் சிங்கள ஓவியர்களாவர். கமரா இன்றி, உயிர்ப் பூச்சியைப் பார்த்துக் கையால் வரைந்தவை அவை. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் பென்சிலால் இரு மடங்கு பெரிதாக வரைந்து, புள்ளிகளைச் சரியான இடத்தில் குறித்தாலும் அது பயனுள்ள சான்றே.

புழுவையும் சேர்த்துப் பாருங்கள்

விட்டிலைக் கண்டு ஐயம் கொண்டால் அடுத்த நாளே பயிருக்குள் செல்லவேண்டும். சேனா படைப்புழுவின் முட்டைகள் இலையில் நூறு, இருநூறு எனக் குவியலாக, சாம்பல் நிறப் பஞ்சு மூடியது போல இருக்கும். எமது வெப்பத்தில் இரண்டு மூன்று நாட்களில் பொரித்துவிடும்.

வளர்ந்த புழுவின் நெற்றியில் தலைகீழாகத் திருப்பிய கவட்டைத் தடி போன்ற வெளிர்க்கோடு தெரியும். வால் முனைக்கு முந்திய கண்டத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இவ்விரண்டையும் சேர்த்துக் கண்டால் அது சேனா படைப்புழுவென்றே கொள்ளலாம். பழைய வெட்டுப்புழுவில் சதுரப் புள்ளிகள் இல்லை; உடலின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் பக்கவாட்டில் பெரிய கருந்திட்டுகள் இருக்கும். தலையை ஒரு படமும் வாலை ஒரு படமும் எடுங்கள். அன்று நாம் அந்தத் தாயின் சோளன் குருத்தைப் பிரித்துப் புழுவின் வாலைப் பார்த்திருந்தால் பிழை விட்டிருக்க மாட்டோம்.

புழுவின் அடையாளமும் தெளிவில்லையாயின் வளர்த்துப் பார்க்கலாம். போத்தலில் இரண்டு அங்குலம் ஈரமண் இட்டு, புழுவையும் அது தின்ற இலையையும் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். ஒரு போத்தலில் ஒரு புழு மாத்திரம். இரண்டு விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். தினமும் புதிய இலை கொடுங்கள். புழு மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகி, பின்னர் செட்டை கெடாத புது விட்டிலாக வெளிவரும். படம் பிடிக்க அதைவிடச் சிறந்த விட்டில் கிடையாது. சில வேளை விட்டிலுக்குப் பதிலாகச் சிறு குளவியோ ஈயோ வெளிவரும். அவை புழுவைத் தின்னும் எமது நண்பர்கள். கண்டபடி மருந்தடித்தால் முதலில் இறப்பவை அவைகளே.

படம் சொல்லாதவை

எல்லாப் படத்துக்கும் விடை கிடையாது. தூள் உதிர்ந்த பழைய விட்டிலையும், அடையாளம் மங்கிய பெண் விட்டிலையும் கண்ணால் மாத்திரம் உறுதி செய்வது கடினம். சில இனங்களை ஆய்வுகூடத்தில் வயிற்று நுனியைப் பிரித்து நோக்கியே அறிகிறார்கள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் தொலைபேசிச் செயலிகளின் விடையை ஓர் ஊகமாக மாத்திரம் கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று குறித்து வைப்பதும் அறிவே. படங்களுடன் உங்கள் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரை நாடுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை அவரிடம் கேட்டபின்னரே கடைக்குச் செல்லுங்கள்.

ஏன் இத்தனை அவசரம்? முட்டையிட்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஒன்பது பத்து நாட்கள்வரை புழு சிறிதாக இலையின் மேலே இருக்கும். அதுவரை கையால் முட்டையை நசுக்கலாம், தேவையானால் மருந்தும் எட்டும். அதன்பின் அது குருத்துக்குள் ஆழ இறங்கித் தன் கழிவாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பகுதியை அது தின்பதும் அப்போதுதான். பெயரை முன்கூட்டியே அறிந்தால் எமக்குக் கிடைப்பது அந்தச் சில நாட்களே.

அடுத்த காலபோகத்தில் அதே தாய் மூன்று போத்தல்களுடன் எம்மிடம் வந்தார். மகளின் தொலைபேசியில் படங்களும் இருந்தன, பக்கத்தில் அடிமட்டமும் இருந்தது. போதனாசிரியரிடம் சேர்ந்து சென்றோம். இரண்டு விட்டில்கள் சோளனைத் தொடாதவை. மூன்றாவதன் செட்டை நுனியில் அந்த வெண்முக்கோணம் இருந்தது. அன்று மாலையே வீட்டார் எல்லோரும் வரிசை வரிசையாக நடந்து முட்டைக் குவியல்களைத் தேடி நசுக்கினார்கள். முழுப் பயிரும் தப்பியது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்தப் போகம் அவர்கள் மருந்துக்கென்று கடன் வாங்கவில்லை.